மவுஸில் கட்டிய தங்கூசி

டிக்.

அவ்வளவுதான் சத்தம். பல்லி போடுவதைவிடச் சின்னது. பழைய குண்டு மானிட்டர் தூங்கப்போகும்போது அதன் வயிற்றுக்குள் எங்கோ ஒரு சுவிட்ச் விழும். விழுந்ததும் கண்ணாடி மேலிருந்து மின்சாரம் மெல்ல வடியும். பட்டுச்சேலையை உதறாமல் மடித்தால் வருமே ஒரு சரசரப்பு, அதுபோல.

போன வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையில் அதைக் கேட்டேன். இன்னமும் குண்டு மானிட்டரை வைத்துப் பிழைக்கிற கடை. யாருடைய விண்ணப்பத்தையோ டைப் செய்துகொண்டிருந்த பெண், தாளில் இருந்த கிறுக்கலைப் படிக்கத் தலையைக் குனிந்தாள். நிமிர்வதற்குள் திரை கறுத்துவிட்டது. மவுஸைப் பிடித்து, மிளகாய்ப் பொட்டலத்தைக் குலுக்குவதுபோலக் குலுக்கினாள். திரை வந்தது. கூடவே பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியும் வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது.

“இன்னா சார் சிரிக்கிறீங்க. லினக்ஸ் போடு, வைரஸ் வராதுன்னாங்க. வைரஸ் வரலை. தூக்கம்தான் வருது. கொஞ்சம் பேப்பரைப் பாத்தா போதும், பேஜாரு, மறுபடி பாஸ்வேர்டு.”

“செட்டிங்ஸ்ல மாத்திப் பாக்கலையாம்மா?”

“மாத்தினேன் சார். எப்பவும் அணையாதேன்னு போட்டுட்டேன். கொஞ்ச நாள் சொன்ன பேச்சு கேட்டுச்சு. அப்புறம் மறந்துடுச்சு.”

“நீ ஒரு தாழ்ப்பாளை எடுத்திருக்கே. மிச்சம் இருக்கு.”

அவள் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். மிச்சத் தாழ்ப்பாள்களையும் எடுத்துக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகும் அந்த ‘டிக்’ காதில் தங்கிவிட்டது. எழுதினால் போகும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்றவன். உடனே நரைத்த தலையையும் கைத்தடியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். விழுப்புரத்தில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனி, ஊரே கைப்பேசிக்குள் குடிபோன பிறகு, ஒரு நாள் ஷட்டரை இறக்கியது. கம்பெனி ஓய்வு பெற்றது. நான் கூடவே போனேன். நாற்பதுகளில் வீட்டில் இருக்கிறவனைப் பார்த்து எல்லோரும் உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் நடக்கத் தோன்றும். நடந்தால் ஒரு வரி தோன்றும். எழுத உட்கார்ந்தால் மறுபடி கால் ஆடும். இப்படிப்பட்ட ஒருவனுக்கு வாய்த்த வேலைகளிலேயே கடினமானது எது தெரியுமா? கையைக் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான்.

தொண்ணூற்று மூன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கற்றுக்கொண்ட முதல் பாடம் இதற்கு நேர் எதிர்: திரையைத் தூங்க வை. அன்றைக்குக் கம்ப்யூட்டர் என்றால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போவோம், கம்ப்யூட்டருக்குக் குளிரும், நமக்குப் பல் ஆடும். ஒரு நாள் எங்கள் மேலதிகாரி சவரிமுத்து சார், பழுதுக்கு வந்த ஒரு மானிட்டரை மேஜைமேல் வைத்தார். அரிசி ஆலையிலிருந்து வந்தது. ஒயர் எதிலும் செருகவில்லை. ஆனாலும் கண்ணாடியில் ஆலையின் பெயரும், மூட்டை, எடை என்கிற தலைப்புகளும் ஆங்கில எழுத்தில் ஆவிபோலத் தெரிந்தன. வருஷக்கணக்காக ஒரே பக்கத்தைக் காட்டிக்காட்டி, எழுத்து கண்ணாடிக்குள்ளேயே வெந்துபோயிருந்தது.

“ஒரே விஷயத்தையே நெனச்சிக்கினு கெடந்தா இப்படித்தான் ஆவும்,” என்றார் சார். “மிசினுக்கும் கண்ணை மூடத் தெரியணும்.”

அதனால் ஊர் ஊராகப் போய்த் திரைகளைத் தூங்கவைத்தேன். செஞ்சி, ஒலக்கூர், விக்கிரவாண்டி. பள்ளிக்கூடம், நூற்பாலை, டாக்டர் வீடு. திரையில் மீன் நீந்துகிற தாலாட்டு, நட்சத்திரம் பறக்கிற தாலாட்டு என்று விதவிதமாகப் போட்டுக்கொடுத்தேன். பயிற்சிக்காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நிறைய பஸ், நிறைய பரோட்டா.

சவரிமுத்து சாரைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது. திண்டிவனத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளை முழுக்கைச் சட்டையையேதான் மற்ற நாளும் போடுவார். கைப்பட்டனைக் கழற்றி நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து உள்ளே கைவிடும்போதும் பட்டன் போட்டபடியே இருக்கும். சாயங்காலம் நாங்கள் வேலை முடிந்து விழுப்புரம் ஆபீசுக்குத் திரும்பும்போது, அவர் மேஜையில் காகிதக் கூம்பில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது தோலோடு வேர்க்கடலை, இருக்கும். நாம் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கினால் அவர் ஒரு மல்லாட்டையை எடுப்பார். உடைப்பார். உள்ளே இருக்கும் உப்புத்தண்ணீரை முதலில் உறிஞ்சுவார். பருப்பைத் தின்று முடிக்கும்வரை பேச்சு கிடையாது. பிறகு வெறும் தோட்டை மேஜைமேல் வைத்து, “இது இல்லை,” என்பார். அடுத்த தோடு, அடுத்த ‘இது இல்லை.’ கடைசியில் தோடுகள் வரிசையாக நிற்கும். காரணம் மட்டும் உரிக்காத மல்லாட்டையாகக் கூம்பில் தனியே கிடக்கும்.

அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“தொட்டியா?”

இந்தக் கேள்வியின் ஆழம் எனக்குப் புரிந்தது ஒரு கடலோரக் குப்பத்தில். மரக்காணத்துக்குப் பக்கம். பெயர் வேண்டாம்; அந்தப் பக்கம் போனால் இன்னமும் என்னைத் ‘தூங்குமூஞ்சி சார்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பேரலை வந்துபோன சில வருஷத்துக்குப் பிறகு, ஒரு தொண்டு நிறுவனம் அங்கே ஓர் அறையை எடுத்துக் கம்ப்யூட்டர் வைத்தது. காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம் என்று லினக்ஸ். பராமரிப்பு எங்கள் கம்பெனி. நாளைக்கு அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம் என்கிற செய்தி தினமும் பிற்பகலில் இணைப்பு வழியாக வரும். கம்பி போட்ட ஜன்னலுக்குள் மானிட்டரைத் தெருப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் ஆண்கள் வந்து ஜன்னலைப் பார்ப்பார்கள். அலை சின்னதாக இருந்தால் ஐஸுக்கும் டீசலுக்கும் ஆள் ஓடும். விடியலில் படகு இறங்கும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அதே ஜன்னலில் ஒரு கரும்பலகை இருந்தது. அதில் சாக்பீஸால் அலையின் உயரத்தை எழுதிவைப்பார்கள். கடல் மோசமாக இருக்கும் நாளில் ஒன்றும் எழுதமாட்டார்கள், துடைத்துவிடுவார்கள். கடலுக்குக் கிளம்புகிறவனிடம் ‘போகாதே’ என்று வாயால் சொல்வது அந்த ஊரில் வழக்கமில்லை. எழுதுவதும் அப்படித்தான். வெறும் கறுப்புப் பலகை என்றால் இன்றைக்குக் கடல் இல்லை, வீட்டுக்குப் போ. அவ்வளவுதான்.

இந்த வழக்கம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அறையைப் பார்த்துக்கொள்ளும் அஞ்சலாட்சி போன் செய்து, “பொட்டியால ஊரே சண்டையா கெடக்குது, ஜல்தியா வாங்க சார்,” என்றதுதான்.

போய் இறங்கினேன். வாசலில் கூட்டம். முன்னால் ஊர்த் தலைவர் முனுசாமி நாட்டார், துண்டை இடுப்பில் கட்டியபடி.

“இன்னா சாரு, உங்க பொட்டி எங்களத் தரையில கட்டிப்போட்டு வச்சிருக்குது. கடல் பால் மாதிரி கெடக்குது. பக்கத்து ஊர்க்காரன் கூடை கூடையா சங்கரா அள்றான். நாங்க சீட்டாடிக்கினு இருக்கோம்.”

“ஏங்க?”

“ஏன்னு எங்களக் கேளு. தெனம் வந்து பாக்கறோம். ஜன்னல் கறுப்பா இருக்குது. கறுப்பா இருந்தா எவன் போவான்?”

அஞ்சலாட்சிக்கு முப்பது வயதிருக்கும். பத்தாவது வரை படித்தவள். உள்ளேயிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பொட்டி எரியுது மாமா. நான் வந்து பாக்கும்போதெல்லாம் எரியுது.”

“நீ வந்தா எரியுதும்மா. நாங்க வந்தா அணையுது. உன்மேல மட்டும் அதுக்குப் பாசம்.”

“சாயந்திரம் சோறாக்க வூட்டுக்குப் போறேன். திரும்பி வந்தா நம்பர் அப்படியே இருக்குது. இந்தா, இவரையே கேளுங்க.”

இவர் என்றால் அவள் கணவர் குப்புராஜ். பாவம், கூட்டத்தின் ஓரத்தில் ஒளிந்துகொண்டிருந்தார். அவர் படகும்தான் மணலில் கிடந்தது.

“ரெண்டு பேரு சொல்றதும் சரிதான்,” என்றார். இரண்டு பேரும் அவரை முறைத்தார்கள்.

நாட்டார் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். “வர்ற அமாவாசைக்குள்ள சரியாவணும். இல்லைன்னா பொட்டியத் தூக்கிக்கினு போங்க. ரூம்ல வலை வச்சிக்கிறோம்.”

கூட்டம் கலைந்த பிறகு அஞ்சலாட்சி என்னிடம் மெல்லச் சொன்னாள். “வலை வைக்கட்டும் சார். ஆனா அந்த நம்பர் எனக்கு வேணும். பொட்டி போச்சுன்னா, இவங்க பழையபடி வானத்தப் பாத்துக்கினு எறங்கிடுவாங்க. இவரு முதல் ஆளா எறங்குவாரு.”

கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். மவுஸைத் தொட்டுவிட்டு, தெருவைப் பார்த்திருந்த மானிட்டரை என் பக்கம் திருப்பினேன். பாஸ்வேர்டு கேட்டது, அவள் எட்டிப் பார்க்காமலே தட்டினாள். வாசலில் செருப்பு விடுவதுபோல அதுவும் கம்ப்யூட்டருக்கு ஒரு மரியாதை என்று நினைத்திருந்தாள். திரை பளிச்சென்று இருந்தது. ஒயரை ஆட்டிப்பார்த்தேன், மானிட்டரைத் தட்டிப்பார்த்தேன், அங்குமிங்கும் நடந்து வந்து மறுபடி தட்டிப்பார்த்தேன். பளிச். பழுதொன்றுமில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

“தொட்டியா?” என்றார் சவரிமுத்து சார்.

“தொட்டேன் சார்.”

மல்லாட்டை உடைந்தது. உப்புத்தண்ணீர் போனது. பருப்பு போனது.

“அப்ப நீ உன் கையத்தான் பாத்திருக்க. மிசினப் பாக்கலை. அந்தப் பொண்ணு உள்ள வந்ததும் தொடுது, எரியுது. நீ உள்ள வந்ததும் தொடற, எரியுது. ஜன்னலுக்கு வெளிய நிக்கறவன்தான் தொடாம பாக்கறான். அவன் சொல்றத நீ கேட்டியா?”

“இல்ல சார்.”

“நாளைக்குப் போ. கையக் கட்டிக்கினு ஒக்காரு. உன்னால முடியாதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒக்காரு.”

உட்கார்ந்தேன். தெருவில், ஜன்னலுக்கு எதிரே, ஒரு கவிழ்த்த கூடைமேல். கடல் முதுகுக்குப் பின்னால் இரைந்தது, திரும்பிப் பார்க்கக்கூடாது. வெயில் மணலில் உப்பாய்க் காய்ந்தது. எழுந்து நிழலுக்குப் போகக்கூடாது. திரையில் ஓர் எண் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. என் கால் தன்னால் ஆட ஆரம்பித்தது. ஒரு கவிதைக்கு வரி கிடைத்தது, பாதியில் கழன்றுகொண்டது. தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று, நான் பார்ப்பதைப் பார்த்து, அங்கே ஒன்றுமில்லை என்று கண்டு, என்னைப் பார்த்தார்கள். விழுப்புரத்திலிருந்து வந்த சார் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை இதுதானா என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். அஞ்சலாட்சி மத்தியானம் கொடுத்த சங்கராக் குழம்பு வேறு வயிற்றில் கனமாக இருந்தது. கையைக் கட்டினால் கண்ணும் தானாகக் கட்டிக்கொள்ளும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மீன்கூடைக்காரி ஒருத்தியின் குரல் கேட்டு விழித்தேன். “பொட்டி தூங்குதான்னு பாக்க வந்த சாரு தூங்கறாரு பாருங்கடி.”

நிமிர்ந்தேன். ஜன்னல் கறுப்பாக இருந்தது.

அந்தக் கணத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை அந்தப் பெண்களுக்கு எப்படி விளக்குவது? கறுத்துவிட்டது, கறுத்துவிட்டது என்று நான் குதித்ததைப் பார்த்து அவர்கள் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். தொடாமல் விட்டால் பத்து நிமிஷத்தில் திரையை மூடிவிடும் ஸ்கிரீன் சேவர். ஒரு காலத்தில் ஊர் ஊராக நானே போட்டுவிட்ட அதே தாலாட்டு. உள்ளே போய் அதை நிறுத்தினேன். மறுபடி கூடைமேல் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் தாண்டியும் திரை எரிந்தது. அதற்கு மேல் என் காலால் முடியவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

ஆபீசில் சார் இரண்டு தோடு உரித்துவிட்டு ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார்.

“கறுத்தப்ப சத்தம் கேட்டுச்சா?”

“என்ன சத்தம் சார்?”

“டிக்குன்னு.”

யோசித்தேன். தூங்கிப்போயிருந்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே போய் மவுஸைத் தொட்டபோது திரை உடனே வந்துவிட்டது. பழைய மானிட்டர் முழுசாகத் தூங்கியிருந்தால் எழுந்துவர நேரமெடுக்கும். மங்கலாக ஆரம்பித்து மெல்லத் தெளியும்.

“கேட்டிருக்காது சார்.”

“அப்ப அது தூங்கலை. கண்ண மூடிக்கினு இருந்திருக்குது. தூங்க வைக்கறது வேற ஒண்ணு, இன்னும் லேட்டா வரும். நீ அதுக்குள்ள பஸ் புடிச்சிட்ட.” கூம்பை மடித்துப் பையில் வைத்தார். “இந்தத் தடவை நானும் வர்றேன்.”

அதற்குள் அஞ்சலாட்சியிடமிருந்து போன். “மறுபடி கறுக்குது சார். நான் ஒரு வேலை பண்ணி வச்சிருக்கேன். வந்து பாருங்க.”

சாரும் நானும் திண்டிவனத்தில் பஸ் மாறிப் போய் இறங்கினோம். சார் பாலிஷ் போட்ட ஷூவோடு மணலில் நடந்தார். ஜன்னலுக்கு முன்னால் போனதும் நின்றுவிட்டார். ஜன்னல் கம்பிக்கு வெளியே, தூண்டிலில் கட்டும் மிதப்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மிதப்பிலிருந்து தங்கூசி, தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பு, கம்பியைத் தாண்டி உள்ளே போய், மேஜையைக் கடந்து, மவுஸின் கழுத்தில் கட்டப்பட்டிருந்தது.

“இழுங்க சார்,” என்றாள் அஞ்சலாட்சி.

சார் முழுக்கைச் சட்டையோடு கையை நீட்டி, மிதப்பைச் சுண்டினார். உள்ளே மவுஸ் துள்ளியது. திரை மெல்ல விழித்தது. என் வாழ்க்கையில் அவர் வாய்விட்டுச் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“இதுக்கு மேல நாம இன்னாத்தப் பண்றது, சேகரு. வா, ஊருக்குப் போலாம்.”

“போலாம்தான்,” என்றார் பின்னாலிருந்து நாட்டார். “விழிச்சதும் அது இன்னா கேக்குது பாருங்க. பொட்டி போட்டு, கோடு போட்டு, கண்ணடிச்சிக்கினு நிக்குது. அலை எவ்ளோன்னு கேக்க வந்தா நம்மள யாருன்னு கேக்குது.”

பாஸ்வேர்டு பெட்டி. ஊருக்கே அந்த பாஸ்வேர்டு தெரியும். ஆனால் கீபோர்டு கம்பிக்கு உள்ளே இருந்தது. அதற்கும் நரம்பு கட்ட அஞ்சலாட்சியிடம் யோசனை இருந்தது. நல்லவேளை, நாங்கள் அதற்குள் வந்துவிட்டோம்.

சார் ஜன்னல் விளிம்பில் தோடுகளை அடுக்கி நாட்டாருக்கு விளக்கினார். “ஒரு கதவு, நாலு தாழ்ப்பாள். இது கண்ண மூடறது. சேகரு எடுத்துட்டான். இது கரண்டு மிச்சம் பண்ணணும்னு மானிட்டரயே படுக்க வைக்கறது. இது, படுத்ததும் உள்ள பூட்டிக்கினு யாருன்னு கேக்கறது. இது எல்லாத்துக்கும் அடியில, திரைய வரையற நிரலு தனக்குன்னு வச்சிருக்கிற தூக்கம்.”

“நாலு பேரு சேர்ந்து ஒரு பொட்டியத் தூங்க வைக்கிறீங்க. எங்கூட்டுப் புள்ளைக்கு இதுல ஒருத்தரு வந்தா போதும்,” என்றார் நாட்டார்.

நான் வரிசையாக எடுத்தேன். மின்சேமிப்பு அமைப்பில் மானிட்டரை அணைக்கும் நேரத்தை ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று ஆக்கினேன். திரை அணைந்தால் பூட்டு என்ற இடத்தில் இருந்த டிக் குறியை நீக்கினேன். பிறகு கட்டளை தட்டுகிற கறுப்பு டெர்மினலைத் திறந்து மூன்று வரி: xset s off, xset s noblank, xset -dpms. முதல் இரண்டு வரி கண்ணை மூடாதே என்று சொல்பவை, மூன்றாவது, படுக்காதே. இந்த முறை சார் என்னைக் கூடைமேல் உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். என் கால் ஆடும்போதெல்லாம் ஒரு மல்லாட்டையைக் கையில் கொடுத்தார். பத்து நிமிஷம் போனது. அரை மணி போனது. டிக் கேட்கவில்லை. இன்னும் காத்திருந்தோம். கேட்கவில்லை.

கேட்டது வேறு. மின்விசிறி நிற்கும் சத்தம். கரண்டு போய்விட்டது.

கரண்டு திரும்பி வந்ததும் கம்ப்யூட்டர் தானே எழுந்தது. சார் என்னைத் தொட விடவில்லை. உட்கார்ந்தோம். அப்போதுதான் இத்தனை வருஷ வேலையில் முதல் தடவையாக அந்தச் சத்தத்தைக் காத்திருந்து கேட்டேன். டிக். அந்த மூன்று வரியை, கரண்டு போனதும் கம்ப்யூட்டர் சுத்தமாக மறந்துவிட்டது. டெர்மினலில் சொன்னது காதில் சொன்னதுபோல. அடுத்த பிறவிக்கு வராது. ஜெராக்ஸ் கடைப் பெண்ணுக்கும் இதுதான் நடந்திருக்கும். மூன்று வரியையும் ஒரு சின்ன கோப்பில் எழுதி, கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் அதைப் படித்துவிட்டே வேலையைத் தொடங்கும்படி தொடக்கப் பட்டியலில் சேர்த்தேன். மெயின் சுவிட்சை நாமே அணைத்துப் போட்டுப் பார்த்தோம். காத்திருந்தோம். திரை எரிந்தது, எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது.

விளக்கு வைக்கும் நேரம். ஆண்கள் வந்தார்கள். ஜன்னல் பளிச்சென்று இருந்தது. எண் சின்ன எண். ஒருத்தர் கையைத் தட்டினார். “ஐஸு சொல்லுடா,” என்று குரல் போனது. குப்புராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படகுப் பக்கம் திரும்பினார். நாட்டார் சாருடைய தோட்டு வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து உள்ளே பருப்பு இருக்கிறதா என்று பார்த்தார்.

அஞ்சலாட்சி மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். மத்தியானத்திலிருந்து காற்று திரும்பியிருந்தது. கரையில் காயப்போட்ட வலைகள் எல்லாம் ஒரே பக்கமாக உப்பி நின்றன.

“சார், இது நேத்து நம்பரு.”

“நேத்தும் இன்னைக்கும் ஒண்ணா இருக்கலாமில்ல?”

“நேத்து ராத்திரி சோறு போடும்போது இதத்தான் இவருகிட்ட சொன்னேன். காத்து, புள்ளிக்கு அப்புறம் வர்ற நம்பரு எல்லாம் அப்படியே இருக்குது. இன்னைக்கு நியூஸே வரலை சார். கரண்டு போச்சில்ல, அங்கியும் போயிருக்கும்.”

நான் கீபோர்டுக்கு ஓடினேன். இணைப்பு செத்துக் கிடந்தது. நேற்று வந்த எண்ணை, நான் போட்ட மூன்று வரியின் தைரியத்தில், திரை பளிச்சென்று காட்டிக்கொண்டிருந்தது. என் கை கீபோர்டில் எதையோ தேடுவதற்குள், பின்னாலேயே உள்ளே வந்த அவள் கட்டைவிரலால் மானிட்டரின் பொத்தானை அழுத்திவிட்டாள்.

டிக்.

தெருவில் ஒரே ஓலம். “மறுபடியும் பூட்ச்சா.” “சாருங்க ரெண்டு பேரையும் கட்டிப்போடு.” நாட்டார் தோட்டைக் கீழே போட்டுவிட்டு எங்களை நோக்கி வந்தார்.

“நான்தான் மாமா அணைச்சேன்,” என்றாள் அஞ்சலாட்சி. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். “இன்னைக்கு நியூஸ் வரலை. எரிஞ்சது நேத்து அலை.”

குப்புராஜ் திரும்பி வந்து தோள் துண்டை எடுத்து மடித்தார். ஒருத்தர் பின்னால் ஒருத்தராகக் காற்றைப் பார்த்தார்கள். அதுவரை பார்க்காமலே இருந்தது எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்ததுபோல இருந்தது. ஐஸுக்குப் போனவரைக் கூப்பிட ஓர் ஆள் ஓடினார்.

சார் கூம்பிலிருந்து கடைசி மல்லாட்டையை எடுத்தார். உடைக்கவில்லை. கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

“நாலு தாழ்ப்பாளையும் புடுங்கிட்ட, சேகரு. சரி. கதவுக்கு ஒண்ணாவது வேணும். நீயே போடு.”

அன்றைக்குப் போட்டதுதான் இத்தனை வருஷத்தில் நான் எழுதியதிலேயே சிறந்த நாலு வரி என்று சொல்வேன். என் கவிதைகளையும் சேர்த்துத்தான். ஒரு சின்ன நிரல். சில விநாடிக்கு ஒருமுறை, கடைசியாக வந்த செய்தி எந்த நாளுடையது என்று பார்க்கும். இன்றையதாக இருந்தால் திரையை எரியவைக்கும். பழையதாக இருந்தால் xset dpms force off என்று சொல்லி மானிட்டரைப் படுக்கவைக்கும். யாராவது மவுஸை ஆட்டி எழுப்பினாலும் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். தூங்கவைக்கக் கற்றுக்கொண்டு, எழுப்பக் கற்றுக்கொண்டு, கடைசியில் எப்போது எது என்பதை ஒரு கடலோரத்து ஜன்னலில் கற்றுக்கொண்டேன்.

மறுநாள் காலை கடல் எப்படி இருந்தது என்று போன் செய்து கேட்டேன். படகுகள் மணலில் இருந்தது நல்லது என்பதோடு விட்டுவிடுகிறேன். அமாவாசையும் வந்து போனது. அந்த அறையில் யாரும் வலை வைக்கவில்லை.

ஆனால் கடைசியாக நினைவில் நிற்பது அன்று சாயங்காலம் கிளம்பிய நேரம்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சார் ஷூவிலிருந்து மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார். நான் பையை மாட்டிக்கொண்டு, மவுஸின் கழுத்திலிருந்த முடிச்சில் கைவைத்தேன்.

“இனிமே இது எதுக்கும்மா? திரை தானா அணையாது. அணைஞ்சா அணையணும்னுதான் அணையும். அவுத்துடட்டுமா?”

அஞ்சலாட்சி என் கையை விலக்கிவிட்டு முடிச்சை ஒருமுறை இறுக்கினாள்.

“இருக்கட்டும் சார். கறுப்பா இருந்தா இழுத்துப் பாப்பாங்க. செத்துப்போன பொட்டி சொல்றத எவனும் கேக்கமாட்டான். இழுத்ததும் முழிச்சிப் பாத்துட்டு, மறுபடி கண்ண மூடிக்குது பாருங்க, அப்பதான் வூட்டுக்குப் போவாங்க.”